சிலம்பும் சிலம்பமும்

சிலம்பு என்னும் சொல் தமிழில் ஒரு பொருளோடு நின்றுவிடவில்லை. மகளிர் காலில் அணிவதும் சிலம்பு. எதிரொலி எழுப்புவதும் சிலம்புதல். மலைக்கும் சிலம்பு என்றே பெயர். குறிஞ்சி நிலத் தலைவனைச் சிலம்பன் என்று பழந்தமிழ்ப் புலவர் அழைத்தனர். கம்பு கொண்டு ஆடும் போர்க்கலை சிலம்பம் என்று பெயர் பெற்றது எதனால் என்ற கேள்விக்கும் அறிஞர்கள் இரு விடைகள் கூறுவர். கம்பு காற்றைக் கிழித்துச் சுழலும்போது எழும் ஒலியால் அப்பெயர் வந்தது என்பது ஒன்று. மலையில் விளைந்த மூங்கிலைக் கொண்டு மலை மக்கள் ஆடியதால் வந்தது என்பது மற்றொன்று. இரண்டில் எது சரி என்று அறுதியிட்டுரைக்க இயலாது. எனினும், சேர்வராயன் மலைத்தொடரை நோக்கி நிற்பவனுக்கு இரண்டாவது விடையின்மீது ஒரு சாய்வு ஏற்படுவது இயற்கையே.

அம்மலைமேல், ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களுள் தலைச்சோலை ஒன்று. சோலை என்பது ஈண்டு பூந்தோட்டமன்று. மலைக்காட்டைக் குறிக்கும் பழஞ்சொல். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்பர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இத்தகைய ஊரில் பிறந்த ஒரு பிள்ளை, தன் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஏற்ற ஒரு தற்காப்புக் கலையைக் கற்க விரும்பினால் எதைக் கற்பது, யாரிடம் கற்பது? இது இக்காலத்துக் கேள்வி போலத் தோன்றும். நகரத்தில் தெருவுக்கு ஒரு வகுப்பும் சுவருக்கு ஒரு விளம்பரமும் வந்த பின்னர் எழுந்த கேள்வி என்றே பலர் நினைக்கின்றனர். வரலாற்றைப் புரட்டினால் அது மிகப் பழைய கேள்வி என்பது புலனாகும். விடை கூறும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

முதலில் நிலமே விடை கூறியது. சிலம்ப வகைகளைப் பட்டியலிடுவோர் குறவஞ்சி, மறக்காணம், துலுக்காணம், நாகம் பதினாறு, பனையேறி மல்லு, அலங்காரச் சிலம்பம் எனப் பல பெயர்களைச் சொல்வர். இப்பெயர்களைச் சற்று நின்று கவனித்தல் வேண்டும். குறவஞ்சி என்றதும் மலை நினைவுக்கு வருகிறது. பனையேறி மல்லு என்றதும் தேரிக்காடும், மார்பால் மரத்தை அணைத்து ஏறும் உழைப்பாளியின் தோளும் கண்முன் நிற்கின்றன. நாகம் என்றது தாழ்ந்து வளைந்து சீறும் அசைவைக் குறித்தது போலும். ஒரு தொழில் செய்யும் உடல், அத்தொழில் பழக்கிய அசைவைக் கொண்டே தன்னைக் காத்துக்கொண்டது. பனையேறிக்குக் கையும் தோளும். மலையில் நடப்பவனுக்குக் காலும் மூச்சும். பொருத்தமான கலையை அவர்கள் தேடிச் செல்லவில்லை. அவர்தம் வாழ்க்கையிலிருந்தே அது முளைத்தது.

சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளிகள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்று கூறுவர். ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் கொல்லிமலையிலும், ஒருவர் பச்சைமலையிலும் குடியேறியதாக அவர்தம் மரபு. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய பெருநூல் தொகுதியில் இம்மக்களுக்கு நீண்டதோர் இடம் உண்டு. அவர்தம் எருதாட்டத்தையும் வேட்டையையும் அதில் காணலாம். எருதின் முன் நிற்பவனுக்கு வேண்டுவது காலடி. பாய்ந்து வரும் கொம்பைக் கண்டு எந்தப் பக்கம் எத்தனை சாண் விலகுவது என்பதை எந்த ஆசானும் சொல்லித்தர இயலாது, எருதுதான் சொல்லித்தரும். அதே மலைத்தொடர்ச்சியில் தெற்கே, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அடுத்தடுத்து வீழ்த்தினான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதை நாம் அறிவோம். புலவர் மிகைப்படுத்தினார் என்றே கொண்டாலும், மலைக்கு வில் என்ற பொருத்தம் அன்றே நிலைபெற்றுவிட்டது என்பது தெளிவு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சிலம்பம் ஐயாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அத்தகைய எண்ணுக்குச் சான்று எதுவும் கிடையாது. கம்பு மக்கிப் போகும் பொருள். அது கல்வெட்டு விட்டுச் செல்லாது. தொன்மையை எண்ணால் உயர்த்திக் காட்டாவிட்டால் கலையின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுவோரைப் பார்த்து இரங்கத்தான் வேண்டும்.

நிலத்துக்குப் பின்னர் பிறப்பு விடை கூறத் தொடங்கிற்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையில் வாழ்ந்த போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா, நாயர் குலத்துச் சிறுவர்கள் ஏழு வயதிலேயே பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டதையும், உடல் நெகிழ எண்ணெய் தேய்த்துப் பழக்கப்பட்டதையும் எழுதி வைத்தார். ஏழு வயதுப் பிள்ளையிடம் உனக்கு எது பிடிக்கும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் மலபாரின் களரிகள் ஒரு குலத்தாரோடு நின்றுவிடவில்லை. தீயரும் மாப்பிள்ளைமாரும் அங்குப் பயின்றனர். கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய குஞ்ஞாலி மரக்காயர்களின் வீரர்கள் வாளும் கேடயமும் ஏந்தியவர்களே. நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் போர்த்துகீசியரால் கொல்லப்பட்டார். அவ்வீரர்களின் வழிவந்த மாப்பிள்ளைமாரின் கோல்களியைப் பார்க்கும்போது, விளையாட்டாகிப் போன அந்த அடிவைப்பில் களரியின் காலடி இன்னும் தெரிகிறது.

தென்கோடியில் நாஞ்சில் நாட்டுப் பக்கம் வேறொரு முறை நிலவிற்று. அங்கே ஒற்றைச்சுவடு முதலாகச் சுவடு பயின்று, அடிமுறை பயின்று, கடைசியில்தான் வர்மத்துக்கு வர வேண்டும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. தொட்ட இடத்தில் மனிதனைச் சாய்க்கவும், சாய்ந்தவனை எழுப்பவும் வல்ல அறிவை ஆசான் எல்லோருக்கும் கொடுத்துவிடவில்லை. பல ஆண்டு உடனிருந்து பணிவிடை செய்த மாணவரிலும் ஒருவரையோ இருவரையோ தேர்ந்துகொண்டார். மாணவன் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிரானது அது. கோபக்காரனுக்கு வர்மம் இல்லை என்பது அந்த ஆசான்கள் வைத்திருந்த எழுதாத சட்டம். கலை மாணவனுக்குப் பொருந்துகிறதா என்பதைவிட, மாணவன் கலைக்குப் பொருந்துகிறானா என்றே அவர்கள் பார்த்தனர். இந்த முறையால் எத்தனையோ அறிவு ஏடுகளோடும் ஆசான்களோடும் மண்ணுக்குப் போயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனிச் சேலத்துக்குத் திரும்புவோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலமும் பாராமகாலும் ஹைதர் அலீ, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் இருந்தன. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி கும்பெனியார் கைக்கு மாறிற்று. அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டர் ஆனார். சேர்வராயன் மலையும் அதனோடு சேர்ந்து கைமாறியது. அதுவரை இந்நிலப்பரப்பில் போர்ப் பயிற்சி என்பது பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. பாளையத்துக்குக் காவல், கோட்டைக்குக் காவல், வழிப்போக்கர் பாதைக்குக் காவல் என்று கம்பும் வாளும் ஏந்தியவனுக்கு ஊதியமும் மானியமும் உண்டு. நம்மவரில் ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் அறிவர். ஒரு சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி மதுரையையே ஆண்ட யூசுப் கான் 1764இல் தூக்கிலிடப்பட்டதும் இக்காலக் கதையே. கையில் உள்ள வித்தையே ஒருவனை எங்கு வேண்டுமானாலும் கொண்டு சேர்த்த காலம் அது.

கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று போரிட்டவர். திப்பு 1799இல் வீழ்ந்த பின்னரும் ஓயவில்லை. இறுதியில் 1805ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் நாள் கவர்னர் எட்வர்டு கிளைவு ஓர் அறிக்கை விடுத்திருந்தார். தென்பாளையங்களில் எவரும் ஆயுதம் ஏந்தலாகாது என்பது அதன் சாரம். ஒரு நாட்டு மக்களின் கையிலிருந்து அவர்தம் கலையைப் பறிப்பது எளிதன்று. ஆனால் அக்கலைக்கு இருந்த வேலையைப் பறித்துவிட்டால் போதும். வேலை போனது. எஞ்சிய வீரர்களில் பலர் கும்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது கவாத்து. ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் ஒரே அளவு எழுந்து விழ வேண்டும் என்பது கவாத்தின் இலக்கணம். ஒவ்வொரு உடலும் தன் போக்கில் அசைய வேண்டும் என்பது சிலம்பத்தின் இலக்கணம். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது, புதிய தலைப்பாகையும் மீசை தாடி பற்றிய கட்டளையும் அவர்களைக் கொதிக்கச் செய்தன என்பர். உடலின் உரிமையைப் பற்றிய கொதிப்பு அது.

இடையே ஒரு சொல் விந்தை. காப்பித் தோட்டத்தில் செடியின் கிளைகளை அளவாக வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் கவாத்து என்றே பெயர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். மலையின் காடு தோட்டமாயிற்று; செடிகளுக்குக் கவாத்து வந்தது. கீழே பட்டாளத்தில் மனிதர்களுக்கு அது முன்பே வந்துவிட்டது.

அடுத்த அடி 1878ஆம் ஆண்டு வந்தது. லிட்டன் பிரபுவின் காலத்து ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றால் என்ன என்று வரையறுத்தபோது துப்பாக்கியோடு நிற்கவில்லை. வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகிய அனைத்தையும் சேர்த்துக்கொண்டது. வல்வில் ஓரி அந்நாளில் உயிரோடிருந்தால் உரிமச் சீட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் கம்பு அப்பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? மாடு மேய்ப்பவன் கையிலும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்பவன் கையிலும், முதியவர் கையிலும் இருப்பது கம்பு. அதைத் தடுத்தால் ஊரே நடக்க முடியாது. வாள்வீச்சும் சுருள்வாளும் மான்கொம்பும் கோயில் திருவிழாவின் காட்சிப் பொருள்களாகச் சுருங்கிய காலத்தில், நெடுங்கம்பு உயிரோடு நின்றதற்கு இதனைப் பெருங்காரணம் எனலாம். அதற்கு நான்கே ஆண்டு கழித்து, 1882இல், சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று குறிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி மூங்கில் வெட்டுதல் குற்றமாயிற்று. சமவெளியில் இருப்பவன் கம்பை வைத்துக்கொள்ளலாம்; கம்பு விளையும் மலையில் இருப்பவன் அதை வெட்டக் கூடாது!

இத்தனை அடிகளுக்கும் தப்பிய கலை எங்கே வாழ்ந்தது? பெரும்பாலும் ஊர்ப் பொதுவிடங்களில், மாலை வேளைகளில், திருவிழாக்களை ஒட்டி வாழ்ந்தது. அந்தக் கூடங்களில் வழங்கிய சொற்களே அங்கு யார் யார் கூடினர் என்பதற்குச் சான்று. வட தமிழ்நாட்டில் ஆசானை வாத்தியார் என்பதோடு வஸ்தாது என்றும் அழைத்தனர். அது உஸ்தாத் என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். மல்லன் பயில்வான் ஆனது பஹ்லவான் என்பதிலிருந்து. குஸ்தி பாரசீகம். பயிற்சிக் கூடத்துக்குத் தாலிம்கானா என்ற பெயர். தாலீம் என்றால் அரபியில் கற்பித்தல். உடற்பயிற்சியாகிய கசரத்தும் அரபி வழிவந்ததே. மோதலுக்கு அழைப்பதைச் சவால் என்கிறோமே, அது கேள்வி என்று பொருள்படும் சுஆல் என்னும் அரபிச் சொல். இவை அனைத்துக்கும் மேலாக, ஆட்டம் தொடங்குமுன் மண்ணையும் ஆசானையும் அவையையும் வணங்கி ஆடும் முதல் வரிசையைப் பல கூடங்களில் சலாம் வரிசை என்றே சொல்கின்றனர். அதைச் சொல்பவர் பெரும்பாலும் முஸ்லிம் அல்லர். சொல்லின் பிறப்பு அவருக்குத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சலாம் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

துலுக்காணம் என்ற சிலம்ப வகையைக் கேட்டதும் நம்மவர் சிலர் உடனே உரிமை கொண்டாடத் தொடங்குகின்றனர். பொறுமை வேண்டும். துலுக்காணம் என்ற சொல் துருக்கர் நாட்டைக் குறித்தது உண்மையே. ஆனால் வட மாவட்டங்களில் துலுக்காணத்தம்மன் கோயில்கள் உண்டு. துலுக்காணம் என்று பெயர் கொண்ட இந்துப் பெருமக்கள் எத்தனையோ பேர். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கலையை ஒரு சமுதாயத்தின் பட்டாவில் எழுதுவது வரலாறு ஆகாது. அவ்வாறே, சிலம்பம் எங்கள் ஒரு குலத்துக்கே உரியது என்று வேறு எவர் சொன்னாலும் மேற்கண்ட சொற்பட்டியல் அவருக்கு விடை கூறும்.

கடல் கடந்தும் இதே காட்சிதான். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி என்ற தற்காப்புக் கலைகள் வழங்கி வந்தன. அங்கே பொல்லடி என்னும் கோலாட்டமும், அதைக் கற்பிக்கும் அண்ணாவியாரும் விழாக்களில் சிறப்பிடம் பெற்றவர்கள். மலேயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர் தம்மோடு கொண்டு சென்ற சில பொருள்களுள் கம்பும் ஒன்று. ஈரானில் ஜூர்கானா என்று வழங்கும் பயிற்சிக் கூடங்களில் மரத்தாலான கனத்த கட்டைகளைத் தோளைச் சுற்றிச் சுழற்றுகின்றனர். நம் ஊர்க் கர்லாக்கட்டையின் நெருங்கிய உறவு அது. 2010இல் அந்த ஈரானியப் பயிற்சியை யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் கர்லாக்கட்டை பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது.

இத்தகைய கூடங்கள் எப்போது வகுப்புகளாக மாறின? இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காண ஒகினாவாத் தீவுக்குச் செல்ல வேண்டும். அங்கும் கலை ஊர்ப்பெயரால்தான் வழங்கியது. ஷுரி ஊரார் முறை, நஹா ஊரார் முறை, தொமாரி ஊரார் முறை என்று மூன்று. ஆசான் தம் வீட்டு முற்றத்தில் சிலருக்கு மறைவாகக் கற்பித்தார். 1901ஆம் ஆண்டு இதோசு அன்கோ என்பவர் அதை ஷுரியின் தொடக்கப் பள்ளிக்குக் கொண்டு சென்றார். நாற்பது சிறுவர்க்கு ஒரே நேரத்தில் கற்பிக்க வேண்டும் என்றால் ஆபத்தான அடிகளை விலக்க வேண்டும். அசைவுகளை எளிதாக்கி வரிசைப்படுத்த வேண்டும். அவ்வாறே செய்தார். 1922இல் புனாகோஷி கிச்சின் அதைத் தோக்கியோவில் ஆடிக் காட்டினார். அதற்கு நாற்பதாண்டு முன்னரே, 1882இல், கானோ ஜிகோரோ ஜூடோவுக்குக் கோடோகான் என்னும் பள்ளியை நிறுவி, தேர்ச்சிக்குப் படித்தரம் வகுத்திருந்தார். இன்று நம் பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது பண்டைய மர்மம் ஏதும் அன்று. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கண்ட ஒழுங்குமுறை. இதில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. ஆசானின் மனம் குளிரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியிருந்த பிள்ளை, கட்டணம் செலுத்தி உள்ளே வரலாம் என்றாயிற்று. எந்தக் குலத்தவன் என்று கேட்பார் இல்லை. அது சிறிய விடுதலை அன்று.

நம் நாட்டில் இவ்வேலையைப் பள்ளிக்கூடம் செய்யுமுன் திரைப்படம் செய்தது. சேர்வராயன் மலையின் அடியில், சேலத்தின் ஏற்காட்டுச் சாலையில், டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நின்றது. 1951இல் வந்த 'சர்வாதிகாரி'யின் வாட்போரையும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தையும் அன்றைய இளைஞர் மறக்கவில்லை. எம். ஜி. ஆர். முறைப்படி சிலம்பம் பயின்றவர். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் அவர் கம்பு சுழற்றியதைக் கண்டு சிலம்பக் கூடத்தைத் தேடிப் போனவர் பலர். 1973இல் புரூஸ் லீயின் படம் உலகெங்கும் ஓடியது. அத்தோடு காற்று திசை மாறிற்று. நகரங்களில் கராத்தே வகுப்புகள் பெருகின. கம்பு பழைய பொருளாயிற்று. இதே 1970களில்தான் ஜே. டேவிட் மானுவேல் ராஜ் சிலம்பத்தை உடற்கல்வி ஆய்வுக்குரிய பொருளாக எடுத்து நூல்கள் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. ஆய்வேடு ஆன கலை அவ்வளவு எளிதில் சாவதில்லை.

அண்மைக் காலத்தில் நிலைமை மீண்டும் மாறியிருக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேரும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. களரிப்பயிற்று ஆசான் மீனாட்சி அம்மைக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்த பின்னர், பெண் பிள்ளைகளைக் கூடத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது குறைந்திருக்கிறது. வரவேற்க வேண்டியவை இவை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்னர் நிலமும் பிறப்பும் ஆசானும் விடை கூறிய கேள்விக்கு இன்று சான்றிதழ் விடை கூறத் தொடங்கியுள்ளது. எந்தக் கலை என் பிள்ளைக்குப் பொருந்தும் என்று கேட்க வந்த தந்தை, எந்தக் கலைக்குச் சான்றிதழ் விரைவில் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அலங்காரச் சுழற்சி மேடைக்கு அழகு. எதிரில் ஒருவன் உண்மையாகவே அடிக்க வரும்போது அது பயன்படாது. சுழற்றுவதை மட்டும் கற்பித்துவிட்டுப் போர்ச் சிலம்பம் என்று பெயர் சூட்டும் வகுப்புகள் பெருகிவிட்டன.

பழைய கூடங்கள் பொருத்தத்தைக் கண்டறிந்த முறை எளியது. முதலில் கம்பைக் கொடுக்கவே மாட்டார்கள். பல மாதம் காலடி மட்டுமே. அதில் சலிக்காதவன் கம்புக்கு உரியவன். சலித்தவனைக் குத்துவரிசைக்கோ குஸ்திக்கோ அனுப்புவார்கள். உயரமும் கைவீச்சும் உடையவனுக்கு நெடுங்கம்பு. குள்ளமாகவும் உறுதியாகவும் இருப்பவனுக்கு நெருங்கிப் பிடிக்கும் மற்போர். தனிமை விரும்பிக்குக் கர்லாக்கட்டை. கம்பின் நீளத்தையும் கடையில் கேட்டு அறிவதில்லை. மாணவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, தரையிலிருந்து அவன் புருவம்வரை அளந்து வெட்டுவார்கள். ஆகவே ஒருவன் கம்பு மற்றவனுக்கு ஆகாது. போட்டிக்கு வந்தால் கம்பின் நுனியில் வண்ணப்பொடி தடவுவர். எவன் உடையில் எத்தனை பொட்டு என்று ஊரார் எண்ணிக்கொள்வர். ஏமாற்ற வழியில்லை.

வகுப்பைத் தேடிச் செல்லும் இன்றைய இளைஞனுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது உண்டு. ஆசானின் பட்டங்களைப் படிப்பதை விட்டு, அவரிடம் பத்தாண்டு பயின்ற மாணவனின் முழங்காலையும் பேச்சையும் கவனிக்கட்டும். முழங்கால் கெட்டிருந்தால் பயிற்சியில் கோளாறு. பேச்சு கெட்டிருந்தால் ஆசானிடம் கோளாறு. ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடாத கூடத்தில் கற்க ஒன்றும் இல்லை. மந்தமான பிள்ளையை ஆசான் எப்படித் திருத்துகிறார் என்பதைக் கண்டுவிட்டால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதே இல்லை.

ஆனால் இவ்வளவும் தேர்ந்தெடுக்க இடம் உள்ளவனுக்கு. தலைச்சோலை போன்ற மலைச் சிற்றூரில் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மலையில் சமதளம் அரிது. கம்பைச் சுழற்றிச் சுற்றி வர நான்கு புறமும் கம்பின் நீளத்துக்குமேல் வெட்டவெளி வேண்டும். அத்தகைய இடம் பள்ளி மைதானமும், தோட்டத்தில் காப்பிக்கொட்டை உலர்த்தும் களமும்தான். அறுவடையாகும் குளிர் மாதங்களில் களம் முழுவதும் காப்பிக்கொட்டை. களம் என்ற சொல் நெற்களத்துக்கும் போர்க்களத்துக்கும் பொதுவாக நம் மொழியில் அமைந்திருக்கிறது. மலையில் அந்த இரண்டு களமும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. சேலத்துக்கு இறங்கிக் கற்கலாம் என்றால் 20 வளைவுகள் இறங்கி, இருட்டியபின் 20 வளைவுகள் ஏற வேண்டும். பேருந்துக் கட்டணமே வகுப்புக் கட்டணத்தை எட்டும். மலையிலேயே ஆசான் ஒருவர் இருந்து, வாரம் இரு மாலை பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்டால் போதும். ஒலிம்பிக்குக்கு ஆள் தேடுவோர் முதலில் இதைச் செய்யட்டும். எருதின் முன் நின்று விலகக் கற்ற மக்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காலடி புதிதன்று.

கம்பு மட்டும் கடையில் வாங்க வேண்டும். நாடு விடுதலை பெற்ற பின்னும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் நீடிக்கிறது. காப்புக்காட்டு மூங்கிலில் ஒன்றை வெட்ட இன்றும் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆதலால் மலைக்குப் பெயராகிய சிலம்பைத் தன் பெயரில் சுமந்திருக்கும் அந்தக் கம்பு, கீழேயிருந்து பேருந்தில் ஏறி மலைக்கு வருகிறது.